பெயரை வரிசையாக்கிய கணக்கு

1921-ஆம் வருஷக் குடிமதிப்பில், சென்னை மாகாணத்தில் அம்பட்டர் என்ற பெயரின்கீழ் சுமார் 2,27,000 பேர் இருந்தார்கள். பத்து வருஷம் கழித்து, 1931-இல், அதே பெயரின்கீழ் இருந்தவர்கள் 10,000 பேர்தான். அவர்களை மட்டும் தேடி வந்த கொள்ளைநோய் எதுவும் இடையில் இல்லை. அவர்கள் அதே ஊர்களில் அதே தொழிலைச் செய்துகொண்டு இருந்தார்கள். கணக்கெடுக்க வந்தவரிடம் சொன்ன பெயர்தான் மாறியிருந்தது. நாவிதர், நாயி பிராமணர், பரியாரி முதலான பெயர்களைச் சொன்னவர்கள் சுமார் 1,40,000 பேர். 1921-இன் அட்டவணைகளில் இந்தப் பெயர்களுக்கு இடமே இல்லை. இரண்டையும் கூட்டினாலும் பழைய தொகை வரவில்லை. மற்றவர்கள் இன்னும் வேறு பெயர்களில் கலந்திருக்க வேண்டும்.

மாகாணத்தின் குடிமதிப்புக் கண்காணிப்பாளராக இருந்த யேட்ஸ் இதை மறைக்கவில்லை. பெயர்கள் நிலையாக இல்லாதபோது சாதிவாரியாகப் பிரித்து எண்ணுவதில் பயனே இல்லை என்று எழுதினார். இந்தியா முழுமைக்குமான 1931 அறிக்கையில், ஆணையர் ஹட்டன் அதை அப்படியே எடுத்துக் கொடுத்திருக்கிறார்.

நான் அரசுக் கல்லூரியில் புள்ளியியல் நடத்தி ஓய்வுபெற்றவள். மாறிகளின் வகைகளைப் பற்றிய பாடம் முதல் பருவத்திலேயே வரும். பாடநூல்கள் உயரம், எடை, கண்ணின் நிறம், சட்டை அளவு என்று தொடங்கும். பிள்ளைகள் மனப்பாடம் செய்துவிடுவார்கள்: பெயரளவை, வரிசையளவை, இடைவெளி அளவை, விகித அளவை. தேர்வில் முழு மதிப்பெண்ணும் வாங்குவார்கள். அப்புறம் ஆய்வேட்டுக்காகக் கள ஆய்வு முடித்துக் கணினியில் தரவை ஏற்றும்போது, பிற்படுத்தப்பட்டோருக்கு 1, மிகவும் பிற்படுத்தப்பட்டோருக்கு 2, பட்டியல் சாதியினருக்கு 3, பழங்குடியினருக்கு 4 என்று குறியீடு கொடுப்பார்கள். அடுத்த பக்கத்தில், அந்தக் கிராமத்தின் சமூகப் பிரிவுச் சராசரி 2.3 என்று அச்சாகியிருக்கும். மென்பொருள் கேட்டதைச் செய்துவிடும். 1-ஐயும் 3-ஐயும் கூட்டி இரண்டால் வகுத்தால் 2 வரும் என்பது அதற்குத் தெரியும். அந்த 2 குறியீட்டுப் பட்டியலின் 2 இல்லை, அது எவரையும் குறிக்கவில்லை என்பது அதற்குத் தெரியாது.

அதனால் நான் கண்ணின் நிறத்தை விட்டுவிட்டு, சென்னை மாகாணத்துக் குடிமதிப்பு அறிக்கைகளை வகுப்புக்குக் கொண்டுபோகத் தொடங்கினேன். மாறியின் வகையைத் தவறாக எடுத்துக்கொண்டால் என்ன நடக்கும் என்பதற்கு அவற்றைவிடப் பெரிய சான்று எனக்குத் தெரிந்து இல்லை. அதில் எண்ணப்பட்டவர்கள் நம்முடைய பாட்டன், பூட்டன், பூட்டிகள்.

வகைகளுக்கு இன்று நாம் சொல்லும் பெயர்கள் வந்த கதையை முதலில் சொல்லிவிடுகிறேன், அது சிறியது. 1932-இல் பிரிட்டிஷ் அறிவியல் முன்னேற்றச் சங்கம், இயற்பியலாளர்களும் உளவியலாளர்களும் கலந்த ஒரு குழுவை அமைத்தது. மனிதனின் புலனுணர்வை அளக்க முடியுமா என்பதுதான் கேள்வி. ஒரு சத்தம் இன்னொன்றைப்போல இரண்டு மடங்கு உரத்தது என்று ஒருவர் சொன்னால், அந்த இரண்டு மடங்கு உண்மையிலேயே இரண்டு மடங்குதானா? இயற்பியலாளர் நார்மன் கேம்பெல் போன்றவர்கள் இல்லை என்றார்கள். ஒரு கோலின் நுனியில் இன்னொரு கோலை வைத்து நீளத்தைக் கூட்டுவதுபோல உணர்வைக் கூட்ட முடியாது, கூட்ட முடியாததை அளந்ததாகச் சொல்லக்கூடாது என்பது அவர்கள் வாதம். 1940-இல் இறுதி அறிக்கை வந்தபோதும் ஒருமித்த முடிவு இல்லை. அந்தக் குழு விவாதித்த சத்த அளவுகோலுக்குச் சொந்தக்காரர்களில் ஒருவர் ஹார்வர்டு உளவியலாளர் எஸ். எஸ். ஸ்டீவன்ஸ். அவர் 1946 ஜூன் 7-ஆம் தேதி வெளியான ‘சயின்ஸ்’ இதழில் பதில் எழுதினார்.

எது அளவை, எது அளவையில்லை என்று சண்டை போடுவதைவிட, எத்தனை வகை அளவைகள் உண்டு, ஒவ்வொன்றிலும் எந்தக் கணக்குச் செல்லும் என்று பார்க்கலாம் என்பதே அவர் சொன்னது. விளையாட்டு வீரரின் சட்டை எண் பெயருக்கு மாற்று. எத்தனை பேர் என்று எண்ணலாம், எது அதிகம் என்று பார்க்கலாம், அதோடு சரி. கனிமங்களின் கடினம் வரிசை. எது எதைக் கீறும் என்று தெரியும், எவ்வளவு கூடுதலாக என்று தெரியாது. செல்சியஸ் வெப்பநிலை இடைவெளி. 20-க்கும் 30-க்கும் உள்ள வித்தியாசமும் 30-க்கும் 40-க்கும் உள்ள வித்தியாசமும் ஒன்று, ஆனால் 40 டிகிரி 20 டிகிரியின் இரு மடங்கு வெப்பம் இல்லை. நீளம், எடை, வயது ஆகியவை விகிதம். அங்கே பூஜ்யம் உண்மையான பூஜ்யம், இரு மடங்கு என்றால் இரு மடங்கு. இந்த நான்கும் அவர் கொடுத்தவை. அவருக்கு எதிர்ப்பும் வந்தது. 1953-இல் ஃபிரெடரிக் லார்ட், சட்டை எண்களுக்குக்கூடச் சராசரி எடுக்க வேண்டிய சந்தர்ப்பம் வரலாம் என்று ஒரு கட்டுரை எழுதினார். எண்களுக்குத் தாம் எங்கிருந்து வந்தோம் என்று தெரியாது என்பது அவர் வாதம். எனக்கும் அது சரி என்றே படுகிறது. எண்ணுக்குத் தெரியாததால்தான் எண்ணுகிறவருக்குத் தெரிந்திருக்க வேண்டியிருக்கிறது.

ஸ்டீவன்ஸுக்கு நாற்பத்தைந்து வருஷம் முன்பே, இந்தப் பெயர்கள் எதுவும் புழக்கத்தில் இல்லாத காலத்தில், இந்தியாவில் கோடிக்கணக்கான மனிதர்களின்மேல் இதே கேள்வி விழுந்தது.

சென்னை மாகாணத்தில் ஒழுங்கான முதல் குடிமதிப்பு 1871-இல் நடந்தது. அறிக்கை எழுதியவர் சுகாதார ஆணையராக இருந்த மருத்துவர் கார்னிஷ். ஊர் கணக்குப்பிள்ளைகள் கொண்டுவந்த சாதிப் பெயர்களின் பெருக்கத்தைப் பார்த்து அவர் திகைத்திருக்கிறார். நான்கு வருணம் என்ற ஏட்டுப் பிரிவில் அவற்றை அடைக்க முயன்றுவிட்டு, இந்துக்கள் நான்கு வகுப்பாக இருந்த காலம் ஒன்று எப்போதாவது இருந்ததா என்பதே பெரும் சந்தேகம் என்று எழுதினார். அந்தக் காலத்தில், அந்தப் பதவியில், அவர் அதை எழுதியது எனக்கு இன்றும் மதிப்புக்குரிய விஷயம். பெயர்களை அவர் பெயர்களாகவே பார்த்தார்.

1901-இல் எண்ணும் முறையே மாறியது. அதற்கு முன்னால் பெரிய தாள்களில் கோடு கோடாகப் போட்டுக் கூட்டுவார்கள். பவேரியாவில் கேயோர்க் ஃபான் மைர் நடத்திக்காட்டிய சீட்டு முறை இப்போது இங்கே வந்தது. ஆளுக்கு ஒரு சிறு சீட்டு. மதத்துக்கு ஒரு நிறம். ஆணா பெண்ணா, மணமானவரா இல்லையா, கணவனையோ மனைவியையோ இழந்தவரா என்பதற்கு அச்சிட்ட குறி. மற்றதை எல்லாம் சுருக்கி எழுதிக்கொள்ள வேண்டும். அப்புறம் குமாஸ்தாக்கள் வரிசையாக உட்கார்ந்து, சுவரோரம் நிறுத்திய மரச் சட்டங்களின் சிறு அறைகளுக்குள் சீட்டுகளைப் போட்டுப் பிரிப்பார்கள். ஒரு சீட்டு ஒரு நேரத்தில் ஒரு அறைக்குள்தான் போகும். பெயரளவை மாறி என்பதைக் கண்ணால் பார்க்க வேண்டுமானால் அந்த மரச் சட்டத்தைத்தான் பார்க்க வேண்டும்: ஒவ்வொருவருக்கும் ஓர் அறை, எவருக்கும் இரண்டு அறை இல்லை, எந்த அறையும் இன்னொன்றுக்கு மேலும் இல்லை கீழும் இல்லை.

இந்தக் கடைசி நிபந்தனையைத்தான் 1901-இன் ஆணையர் ஹெர்பர்ட் ரிஸ்லி கலைத்தார். சாதிகளை அகர வரிசையில் போடுவதோ, 1891-இல் செய்ததுபோலத் தொழில்வாரியாகப் போடுவதோ அவருக்குப் போதவில்லை. உள்ளூர் மக்களின் கருத்து எந்தச் சாதிக்கு எந்த இடத்தைக் கொடுக்கிறதோ, அந்தச் சமூக முன்னுரிமை வரிசையில் அட்டவணை அமைய வேண்டும் என்று மாகாணங்களுக்குச் சொன்னார். பெயர் வரிசையானது. மரச் சட்டத்தின் அறைகளுக்கு மேல் கீழ் வந்தது.

சென்னை மாகாணத்தில் அந்த வேலை டபிள்யூ. ஃபிரான்சிஸ் தலையில் விழுந்தது. வடக்கே எந்தச் சாதியின் கையால் பிராமணர் தண்ணீர் வாங்குவார் என்பதை வைத்து வரிசைப்படுத்தினார்கள். இங்கே அது போதவில்லை. பிராமணப் புரோகிதரை அழைக்கிறவர்களா, அழைக்காதவர்களா. தொட்டால் தீட்டா, தொடாமலே தீட்டா. மாட்டிறைச்சி உண்பவர்களா என்று படிப்படியாகக் கீழிறங்கும் குழுக்களை ஃபிரான்சிஸ் வகுத்தார். அரசாங்க முத்திரையோடு, அச்சிட்ட பக்கங்களில், தொடாமலே தீட்டு என்ற தலைப்பின்கீழ் மனிதர்களின் எண்ணிக்கை கொடுக்கப்பட்டிருக்கிறது. அந்தப் பக்கத்தை வகுப்பில் வாசித்துக் காட்டும்போது நான் குரலை ஏற்றுவதில்லை. பிள்ளைகள் தாங்களே நிமிர்ந்து உட்கார்ந்துவிடுவார்கள்.

புள்ளியியல்காரியாக என்னைப் பிடித்து நிறுத்துவது அந்தப் பட்டியலின் கடைசிக் குழு. பிராமணரின் புரோகித உரிமையையே ஏற்காத சாதிகள் என்று அதற்குப் பெயர். கம்மாளர் அதில் வருகிறார்கள்: தட்டார், கன்னார், கொல்லர், தச்சர், சிற்பிகள். அவர்கள் பூணூல் அணிந்தார்கள். தங்கள் சடங்குகளுக்குத் தங்களுக்குள்ளேயே புரோகிதரை வைத்துக்கொண்டார்கள். விசுவகர்மாவின் வழிவந்தவர்கள், தாங்களே பிராமணர் என்றார்கள். பிராமணர் கையால் சாப்பிடுவதைத் தவிர்த்தவர்களும் அவர்களில் உண்டு. பிராமணரை உச்சியில் வைத்து அவரிடமிருந்து எவ்வளவு தூரம் என்று அளக்கும் கோலில் இவர்களை எங்கே வைப்பது? மேலேயும் வைக்க முடியவில்லை, நடுவிலும் முடியவில்லை. அதனால் வரிசையின் கடைசியில், வரிசைக்கு வெளியே, தனியாக ஒரு குழு. வலங்கை இடங்கை என்று இரண்டாகப் பிரிந்து, எந்தத் தெருவில் யார் ஊர்வலம் போகலாம் என்று தலைமுறை தலைமுறையாகச் சண்டையிட்ட நாட்டில், இடங்கையின் முன்வரிசையில் நின்றவர்கள் அவர்கள்.

வரிசையளவைக்கு ஒரு கட்டாயம் உண்டு. எந்த இரண்டை எடுத்தாலும் எது முன், எது பின் என்று சொல்ல முடிய வேண்டும். ஒன்று இரண்டாவதுக்கு மேல், இரண்டாவது மூன்றாவதுக்கு மேல் என்றால் ஒன்று மூன்றாவதுக்கும் மேலாக இருக்க வேண்டும். இரண்டு பேரும் ஒருவர் கையால் ஒருவர் சாப்பிட மறுக்கும் இடத்தில் இந்தக் கட்டாயம் அறுந்துபோகிறது. இது ஏதோ சில்லறைச் சிக்கல் இல்லை. அளந்த பொருளில் வரிசை இல்லை, அளக்க வந்தவரின் கோலில்தான் இருந்தது என்பதற்கு, அந்த அறிக்கையின் கடைசிக் குழுவே சாட்சி.

ரிஸ்லி இத்தோடு நின்றிருந்தாலாவது போகட்டும். அவர் கையில் இன்னொரு மாறி இருந்தது. மூக்கு. வங்காளத்தில் முன்பே கருவிகளை வைத்து ஆயிரக்கணக்கானவர்களின் முகத்தை அளக்கச் செய்திருந்தார். மூக்கின் அகலத்தை நீளத்தால் வகுத்து நூறால் பெருக்கினால் வருவது நாசிக் குறியெண். இது அசல் விகித அளவை. மில்லிமீட்டரில் எடுத்த அளவுகளிலிருந்து வருகிறது, கூட்டலாம், சராசரி எடுக்கலாம், யாரும் குறை சொல்ல முடியாது. இதைத் தன் சாதி வரிசையின் பக்கத்தில் வைத்தார். சமூக அந்தஸ்து ஏற ஏற மூக்கு ஒடுங்கிக்கொண்டே போகிறது என்றார். சாதியின் வேர் இனத்தில் இருக்கிறது என்ற தன் கொள்கைக்கு அதை ஆதாரமாக்கினார்.

சாரா மாறி, சார்ந்த மாறி என்ற பாடத்தை நான் இந்த இடத்தில்தான் எடுப்பேன். எதைக் கொண்டு எதை விளக்குகிறோம்? ஒரு பக்கம் மூக்கின் அகலம். அது எவர் விருப்பத்துக்கும் வளையாது. மறுபக்கம் வரிசை, அதைத் தீர்மானித்தவர்கள் அதிகாரிகளும், அவர்கள் கேட்டறிந்த படித்த உள்ளூர்க்காரர்களும். இரண்டும் ஒத்துப்போகின்றன என்று சொல்ல, இரண்டும் ஒன்றையொன்று அறியாமல் அளக்கப்பட்டிருக்க வேண்டும். கருவியின் நேர்த்தி அதில் ஒரு பாதிக்குத்தான் பொறுப்பேற்கும். மில்லிமீட்டரின் நம்பகத்தன்மை, பக்கத்தில் இருந்த வரிசைக்கும் தொற்றிக்கொண்டது. வாசித்தவர்களுக்கு இரண்டுமே அறிவியலாகத் தெரிந்தன.

சென்னையில் இந்த அளவெடுப்பை எழும்பூர் அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளர் எட்கர் தர்ஸ்டன் நடத்தினார். அருங்காட்சியகத்துக்கு வேடிக்கை பார்க்க வந்தவர்களையும் அளந்தார். கருவிகளை எடுத்துக்கொண்டு ஊர் ஊராகவும் போனார். வயநாட்டுப் பணியர் பெண்கள் அவரைக் கண்டதும் ஓடிவிட்டார்கள். தங்களில் நல்ல உருவம் உள்ளவர்களைப் பிடித்துப் பஞ்சடைத்துச் சென்னை அருங்காட்சியகத்தில் வைத்துவிடுவார் என்று அவர்கள் அஞ்சியதாக அவரே எழுதிவைத்திருக்கிறார். 1909-இல் ரங்காச்சாரியின் துணையோடு அவர் வெளியிட்ட ஏழு தொகுதிகள் இன்றும் நூலகங்களில் இருக்கின்றன. இன்றும் மேற்கோள் காட்டுகிறார்கள். அந்தப் பெண்களின் ஓட்டத்தை அவர் வேடிக்கைபோல எழுதியிருக்கிறார். என்னால் அதை வேடிக்கையாக வாசிக்க முடிவதில்லை. தங்களை எந்த வகைப் பொருளாக அளக்க வருகிறார்கள் என்பதை அவர்கள் ஏறக்குறையச் சரியாகவே கணித்திருந்தார்கள்.

மூக்குக் கணக்கு நெடுநாள் நிற்கவில்லை. 1932-இல் பம்பாயின் சமூகவியலாளர் ஜி. எஸ். குர்யே ரிஸ்லி, தர்ஸ்டன் முதலியோரின் அளவுகளை எடுத்து மொழிப் பகுதிவாரியாகப் பிரித்துப் பார்த்தார். இந்துஸ்தானப் பகுதியை விட்டு வெளியே வந்தால், உடலளவுகள் சமூக வரிசையோடு ஒத்துப்போகவில்லை. அடுத்து மஹலனோபிஸ். கல்கத்தாவில் இந்தியப் புள்ளியியல் கழகத்தை நிறுவிய அவர், ‘சங்க்யா’ இதழின் முதல் தொகுதியிலேயே ரிஸ்லியின் வங்காள அளவுகளை மறுகணக்குப் போட்டுப் பிழை திருத்தினார். 1936-இல் அவர் வெளியிட்ட தொலைவு அளவை, இன்று உலகமெங்கும் அவர் பெயராலேயே வழங்குகிறது. பல உடலளவுகளை ஒன்றாகச் சேர்த்து, இரண்டு குழுக்களுக்கு இடையே எவ்வளவு தூரம் என்று சொல்வது அது. ஆங்கிலோ இந்தியர்களின் உடலளவுகளை ஆராயும்போது தொடங்கிய வேலை. அந்த அளவையின் அமைப்பிலேயே ஒரு நேர்மை இருப்பதாக எனக்குத் தோன்றும். தூரத்துக்கு மேல் கீழ் கிடையாது. முதல் குழுவிலிருந்து இரண்டாவது எவ்வளவு தூரமோ, அதே தூரம்தான் இரண்டாவதிலிருந்து முதல் குழு. வரிசை கேட்கிறவருக்கு அது வரிசை கொடுக்காது.

ஆனால் அறிஞர்கள் திருத்துவதற்கு முன்பே மக்கள் பதில் சொல்லிவிட்டார்கள். எண்ணப்பட்டவர்கள் தங்களை என்ன வகை மாறியாக்கியிருக்கிறார்கள் என்பதை உடனே புரிந்துகொண்டார்கள். 1911-இல் வங்காளத்தின் கண்காணிப்பாளர் ஓமாலிக்கு வந்த மனுக்களின் எடை மட்டும் ஒன்றரை மணங்கு, சுமார் 56 கிலோ. குடிமதிப்பு என்பது தலைகளை எண்ணுவதற்கு இல்லை, எந்தச் சாதி எந்தப் படியில் என்று நிர்ணயிப்பதற்கே என்று அங்கே பரவலாக நம்பினார்கள். 1901-இல் நடந்ததைப் பார்த்தவர்கள் வேறு எப்படி நம்புவார்கள்? அந்த 1911-இல் ஆணையர் கெய்ட் முன்னுரிமை வரிசையைக் கைவிட்டார். ஆனால் ஒருமுறை வரிசையாக்கப்பட்ட பெயர் மறுபடி வெறும் பெயராகவில்லை.

தமிழ்நாட்டில் இந்தப் போராட்டம் 1901-க்கு முன்பே இருந்தது. வன்னியர்கள் 1871 குடிமதிப்புக் காலத்திலேயே தங்களைச் சத்திரியர் என்று பதியக் கேட்டார்கள். நாடார் சமூகம் தன் மகாஜன சங்கத்தின் வழியாக விடாமல் வாதாடி, சாணார் என்ற பெயரை அரசு ஆவணங்களிலிருந்து நீக்கச் செய்தது. 1921-இல் சென்னை அரசு நாடார் என்ற பெயரை ஏற்றது. சிலர் இதைப் பெருமைக்கான ஆசை என்று எழுதினார்கள். யேட்ஸும், குடகின் எல்லையில் தண்ணீர் சுமந்த மிகக் கறுத்த ஒரு மனிதர் தன் சாதி சூரியவம்சம் என்று சொன்னதைத் தனிமனிதக் கற்பனைக்கு எடுத்துக்காட்டாகக் கொடுக்கிறார். நான் அப்படிப் பார்க்கவில்லை. பெயர் என்றால் ஒரு பெயர் இன்னொன்றுக்குச் சமம். பெயரைக் கேட்டுவிட்டு இடத்தைக் குறித்துக்கொள்கிறவரிடம், அந்த மனிதர் தன் இடத்தைச் சொன்னார். கேள்வி வரிசையளவையில் இருந்தது; பதிலும் வரிசையளவையில் வந்தது.

வயது என்ற மாறி வேறு விதமாகப் படுத்தியது. அது விகித அளவைதான். பிறந்த கணத்தில் பூஜ்யம், அங்கிருந்து ஓடிக்கொண்டே இருக்கும். ஆனால் அறிக்கைகளின் வயது அட்டவணையைப் பார்த்தால் 30, 40, 50 என்ற வயதுகளில் கூட்டம் குவிந்திருக்கும். 39-லும் 41-லும் ஆளே இல்லாததுபோல இருக்கும். 25, 35 ஆகியவற்றிலும் கொஞ்சம் குவியும். இதை அளப்பதற்கென்றே ஒரு குறியெண் உண்டு. அமெரிக்கரான விப்பிளின் பெயரால் வழங்குவது. 23 முதல் 62 வயது வரையானவர்களில் 0, 5 என்று முடியும் வயது சொன்னவர்களை எண்ணி ஐந்தால் பெருக்கி, அந்த வயதினரின் மொத்தத்தோடு ஒப்பிடுவது. குவிதலே இல்லை என்றால் 100, எல்லோரும் குவிந்துவிட்டால் 500. லண்டன் காப்பீட்டுக் கணக்கரான ஹார்டி 1881, 1891, 1901 ஆகிய மூன்று குடிமதிப்புகளுக்கும் ஆயுள் அட்டவணை தயாரித்தபோது, இந்தக் குவியல்களைக் கணிதத்தால் நிரவுவதே பெரிய வேலையாக இருந்திருக்கும். 1931-இல் அந்தப் பணி எல். எஸ். வைத்தியநாதன் கைக்கு வந்தது.

வயது தெரியாதவர்கள் என்று அறிக்கைகள் சொல்லும். நான் அந்தச் சொல்லை ஏற்கமாட்டேன். ராமநாதபுரம் கரையோர ஊர் ஒன்றில் என் மாணவிகள் கேள்வித்தாளோடு போயிருந்தபோது நானும் உடனிருந்தேன்.

“பாட்டி, உங்களுக்கு என்ன வயசு?”

“இருக்கும் தாயி, எழுவது, எம்பது.”

“சரியா சொல்லுங்களேன்.”

“தனுஷ்கோடி புயல் அடிச்சப்ப மூத்தவன் கைப்பிள்ளை. எளையவ வயித்துல. நீயே கணக்குப் போட்டுக்க.”

புயல் 1964 டிசம்பரில். அந்தப் பாட்டி தன் வாழ்க்கையை வரிசையாக வைத்திருந்தார்: புயலுக்கு முன், புயலுக்குப் பின், எவன் கைப்பிள்ளை, எவள் வயிற்றில். பிழையே இல்லாத வரிசையளவை. அதை ஆண்டு எண்ணாக மாற்றச் சொன்னபோதுதான் எழுபது எண்பது என்று குவிந்தது. அவருக்கு முந்திய தலைமுறைகளுக்குத் தாது வருஷம் இருந்தது. 1876, 77-இன் பெரும் பஞ்சத்தை ஊரில் தாது வருஷப் பஞ்சம் என்றே சொல்வார்கள். அதில் பிறந்தவர், அதில் பிழைத்தவர் என்று ஆளை அடையாளம் சொல்வார்கள். நம்முடைய அறுபது வருஷச் சுற்று, ஸ்டீவன்ஸின் நான்கு வகைகளில் எதிலும் அடங்காது. அது வரிசைதான், ஆனால் முடிந்த இடத்தில் மறுபடி தொடங்கும். 1936-இல் மறுபடி தாது, 1996-இல் மறுபடி தாது. கடிகார முள்ளைப்போலச் சுற்றும் இத்தகைய மாறிகளுக்குத் தனிப் புள்ளியியலே இருக்கிறது. காற்றின் திசையை ஆராய்கிறவர்களுக்கு அது தெரியும்.

எழுத்தறிவு பற்றியும் இரண்டு வார்த்தை. 1881-லும் 1891-லும் மூன்று அறைகள் இருந்தன: கற்றவர், கற்றுக்கொண்டிருப்பவர், கல்லாதவர். 1901-இல் நடு அறை எடுக்கப்பட்டது. 1911-இல் நண்பருக்கு ஒரு கடிதம் எழுதி, வரும் பதிலை வாசிக்கத் தெரிந்தவரே எழுத்தறிந்தவர் என்று வரையறுத்தார்கள். கையெழுத்து மட்டும் போடத் தெரிந்தவர், எழுத்துக் கூட்டி வாசிப்பவர், வாசிக்க வந்தும் எழுத வராதவர் என்று நீளும் ஒரு தொடரை எங்கோ ஓரிடத்தில் வெட்டி ஆம், இல்லை என்று ஆக்கினால், வெட்டிய இடத்தைச் சொல்லியே ஆக வேண்டும். 1911-இல் சொன்னார்கள். அது போதும்.

1941-இல் சாதி அட்டவணைகள் முழுமையாக வரவில்லை. சுதந்திரத்துக்குப் பின் பட்டியல் சாதியினர், பழங்குடியினர் தவிர மற்றவர்களுக்குச் சாதியை எண்ணுவதே நின்றது. 2011-இல் சமூகப் பொருளாதார, சாதிவாரிக் கணக்கெடுப்பு ஒன்று தனியாக நடந்தது. 1931-இல் 4,147 ஆக இருந்த சாதிப் பெயர்கள் அதில் 46 லட்சத்துக்கு மேல் வந்துவிட்டன என்று ஒன்றிய அரசு 2021-இல் உச்ச நீதிமன்றத்தில் சொன்னது. குலப் பெயர், கோத்திரம், கிளைப் பெயர், பட்டப் பெயர், ஒரே பெயரின் பத்து எழுத்து வடிவங்கள் எல்லாம் தனித்தனியாக விழுந்த கணக்கு அது. சிலர் இதைக் கேட்டுச் சிரித்தார்கள். தரவு பாழ் என்றார்கள். கேட்டதற்கு மக்கள் பதில் சொல்லியிருக்கிறார்கள். எந்தெந்தப் பெயரை ஒரே அறையில் போடுவது என்பது கேட்டவரின் வேலை. அதைக் கேட்பதற்கு முன்பே முடித்திருக்க வேண்டும்.

அதே 2011-இன் பொதுக் குடிமதிப்பில் ஆண் 1, பெண் 2 என்றிருந்த இடத்தில் மற்றவர் 3 என்று ஓர் அறை புதிதாகத் திறந்தது. சுமார் 4.88 லட்சம் பேர் அதற்குள் வந்தார்கள். அதுவரை வேறு ஏதோ ஓர் அறைக்குள் திணிக்கப்பட்டிருந்தவர்கள். பெயரளவை மாறியில் ஓர் அறையைத் திறப்பது எவ்வளவு பெரிய காரியம் என்பதை அந்த எண்ணை வைத்து விளக்குவேன். அதற்கு மேல் விளக்கம் தேவைப்பட்டதில்லை.

இப்போது 2027 குடிமதிப்பில் எல்லோருடைய சாதியும் கேட்கப்படும் என்று அறிவித்திருக்கிறார்கள். எங்கோ ஒரு மேஜையில் சிலர் உட்கார்ந்து, வரும் லட்சக்கணக்கான பெயர்களில் எதை எதோடு சேர்ப்பது என்று முடிவு செய்யப்போகிறார்கள். 1901-இல் ரிஸ்லியின் வரிசை அச்சில் வந்ததால்தான் குர்யேயால் அதை எடுத்துப் பிரித்துப் பார்க்க முடிந்தது. யேட்ஸ் தன் சந்தேகத்தைத் தன் அறிக்கையிலேயே எழுதியதால்தான் அந்த எண்களை எப்படி வாசிக்கக்கூடாது என்று நமக்குத் தெரிகிறது. எந்தப் பெயர் எந்தக் குறியீட்டின்கீழ் போனது, யார் கேட்டுக்கொண்டதால் போனது, எந்தப் பெயர் எங்கும் சேராமல் நின்றது என்ற முழுப் பட்டியலும் எண்ணிக்கையோடு சேர்ந்தே வெளியாக வேண்டும், அகர வரிசையில், எல்லா மொழிகளிலும். என்னிடம் படித்துப் புள்ளியியல் துறைக்குள் போன பிள்ளைகள் சிலர் இருக்கிறார்கள். பார்க்கும்போதெல்லாம் இதைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.